விரல் பட்டதும் பச்சை

திங்கள், காலை 8.20
நிலவின் தென்துருவ நிலையம். எழுதுவது மங்களேஸ்வரி, கணினிப் பிரிவு. இங்குள்ள சாதனங்கள் எல்லாம் ஒரே இணையப் பக்கத்தில், வரிசையாகச் சுவிட்சுகளாக இருக்கின்றன. பச்சை என்றால் ஓடுகிறது, சாம்பல் என்றால் ஓடவில்லை. துளைக்கருவியைப் பழுதுபார்க்க யேசுரத்தினம் அண்ணன் பனிக்குழிக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் இருவரைத் தவிர இங்கே யாருமில்லை. குழிக்கு அருகிலுள்ள கொட்டகையின் காற்றுக் குழாயைத் திறந்தேன். பச்சை. காப்பி வழக்கம்போலக் கொடுமை.

10.05
கொட்டகையில் காற்றழுத்தம் ஏறவில்லை. அழுத்தமானி பழுதாக இருக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டேன். பச்சை.

10.20
அழுத்தமானி நன்றாகத்தான் இருக்கிறது. கட்டளைகளைக் கடத்தும் கோபுரம் படுத்துவிட்டது. நான் அழுத்தியது எதுவும் கொட்டகைக்குப் போகவே இல்லை. குரல் ரேடியோவும் அழுத்தமானியின் அளவும் மட்டும் தனி வழியில் வருகின்றன.

பச்சை ஏன் வந்தது என்று யாரும் தேட வேண்டாம். நான்தான். முன்பெல்லாம் சாதனம் பதில் சொன்ன பிறகே நிறம் மாறும். திறப்பு விழா ஒத்திகையில் விருந்தினர் சுவிட்சைத் தொட்டுவிட்டு, சாம்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். இயக்குநருக்கு முகம் செத்துவிட்டது. விரல் பட்டதுமே பச்சையாகும்படி மாற்றிக் கொடுத்தேன். விழாவில் கைதட்டினார்கள், எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாளே பழையபடி மாற்றியிருக்க வேண்டும். கைதட்டல் பிடித்திருந்தது, விட்டுவிட்டேன்.

10.31
ரேடியோவில் அண்ணன்: "தாயி, கொட்டகைக் காத்து தொறந்திருக்குல்லா? இல்லன்னா சொல்லு. உடுப்புல இருக்கது திரும்பி வரப் போதும், இப்பமே நடந்து வந்துருதேன்."

நான்: "பச்சைதாண்ணே."

அண்ணன்: "அப்ப உடுப்புக் காத்துலயே வேலைய முடிச்சிட்டு, பொறவு கொட்டகைக்குள்ள போறேன்."

திரையில் பச்சைதானே இருக்கிறது, பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபுரத்தை எழுப்பிவிட்டால் அவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

11.50
எழவில்லை. எல்லா வழியும் பார்த்தேன். சுவிட்சைத் தொட்டால் மட்டும் பச்சை, பச்சை.

12.15
சொல்லிவிட்டேன். விழா, பொன்னாடை, எல்லாவற்றையும். அவரிடம் இருப்பது கால் மணி நேரக் காற்று. நடந்து திரும்ப அது போதாது, கொட்டகைக் குழாயைக் கையால் திறக்கவும் முடியாது. நான் உடுப்பு மாட்டி வெளியே போகவே அதைவிட அதிகம் ஆகும்.

அண்ணன்: "அப்பமே சொல்லியிருந்தா நடந்து வந்திருப்பேன்லா."

நான் அழுவது ரேடியோவில் அவருக்குக் கேட்டிருக்கும்.

"சரி, அழாத. அந்தக் கலர மட்டும் மாத்திப் போட்டுரு தாயி. அடுத்து வாரவனும் நம்பிருவான்."

12.40
மாற்றிவிட்டேன். இனி பதில் வந்தால்தான் நிறம் மாறும். கொட்டகைக் குழாய், சாம்பல்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. அண்ணன் போனது கோபுரம் படுத்ததால் என்று எழுதிவிடாதீர்கள்.

மாத்திட்டேண்ணே என்று ரேடியோவில் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.