ஸுல்பிகா சொல்ல வேண்டாம் என்றது

பொத்துவில்
9.7.1982

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

திங்களன்று வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தேன். நான் உறுப்பின் பெயரைச் சொன்னதும், பிள்ளைகள் ஓடிப்போய்க் கரும்பலகைப் படத்தில் அதைத் தொட வேண்டும். “இருதயம்” என்றதும் ஓடிய ஸுல்பிகா பாதியில் குந்திவிட்டாள். உதடெல்லாம் நீலம்.

“ஓடினா இப்பிடித்தான் ரீச்சர். உம்மாக்கிட்டச் சொல்லாதீங்க, பள்ளிக்கூடம் விடமாட்டா” என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். இப்போது நம் வீட்டுக்குப் பக்கத்தில், கல்முனை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இருதயத்தில் ஓட்டையாம். நீங்கள் யோசிக்க ஒன்றுமில்லை.

பழைய ரேடியோவை அனுப்பிவிடுங்கள். பின்னேரங்களில் இங்கே கதைக்க ஆளில்லை. நாளைக்கே கஞ்சி கொண்டுபோய் அவளைப் பாருங்கள். என்மேல் கோபமா என்று கேட்டு உடனே எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கல்முனை பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
றாஹிலா