டாக்டர் சொன்னதில் நான் சொல்லாமல் விட்டது

என்னை இடுப்பில் சுமந்துகொண்டே வளர்ந்த பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ பால் வெட்டிய சுங்காய்த் தோட்டத்தில் ரப்பரை அழித்து, எண்ணெய்க்குச் செம்பனை போட்டுவிட்டார்கள். மச்சான் இப்போது ஈப்போவில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பலகைத் தொழிற்சாலையில் காவல் வேலை செய்கிறார். சர்க்கரை வியாதி வந்திருக்கிறது. உன் மகள் தேவிக்குப் பதினாறு வயது. உன்னைப்போலத்தான் அவளும், கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும்.

நான் இன்னும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறேன். "உள்ள போங்கலா, நடுவுல எடம் இருக்கு" என்று ஈப்போவிலிருந்து தாப்பா வரைக்கும் கத்துகிற அதே தொண்டைதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைப் பார்த்துச் சொல்வாயே. பிழைத்துத்தான் கிடக்கிறேன்.

போன வாரம் மச்சான் மாத்திரை போட மறந்துவிட்டார். தேவி தட்டை அவர் முன்னால் 'டங்'கென்று வைத்தாள். "அம்மா மாதிரி நீங்களும் டாக்டர் பேச்ச கேக்காம போய்ச் சேருங்க" என்றாள். மச்சானும், "அவ பிடிவாதக்காரிதான்லா, என்ன செய்ய" என்றார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

பத்திரிகையில் நினைவஞ்சலிக்கு இடம் கேட்டேன். படம் போட்டு நாலு வரி எழுதுங்கள், போதும் என்றார்கள். நாலு வரியில் அடங்குகிற காரியமா அக்கா இது? கடிதமாகவே எழுதித் தருகிறேன் என்றேன், போடுகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்துப் புண் ஆறியபிறகு, மாத்திரை கொடுப்பதற்காக ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா சீனப்பெண், இங்கிலீஷில்தான் பேசுவார். நீ நாற்காலியில், மச்சான் உன் பின்னால், சுவரோரம் தங்கள் முறைக்காகக் காத்து நின்ற நாலைந்து ஆம்பிளைகள். படித்தவன் என்று என்னை நடுவில் நிறுத்தினீர்கள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மாத்திரையைக் காலையில் முழுசாக விழுங்கவேண்டும், உடைக்கக்கூடாது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவேண்டும். இந்த மருந்தின் கழிவு மூத்திரப்பையில் தங்கினால் பையைப் புண்ணாக்கிவிடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விடவேண்டும், அடக்கவே கூடாது, படுக்கும் முன்னாலும் போகவேண்டும். சிவப்பாகத் தெரிந்தால் அன்றைக்கே ஓடிவரவேண்டும். காய்ச்சல் வந்தாலும் பொறுத்துப் பார்க்கக்கூடாது.

நான் உன் பக்கம் திரும்பினேன். "காலையில முழுசா முழுங்கணுமாம். தண்ணி நெறைய குடிக்கணுமாம். காய்ச்சல் வந்தா ஒடனே வரணுமாம்." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"இம்புட்டு நேரம் பேசுனாங்க, நீ மூணே வார்த்த சொல்ற?" என்றாய்.

"அம்புட்டுதான்க்கா."

ஒண்ணுக்கு. அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. கூடப் பிறந்த அக்காவிடம், மச்சான் முன்னால், ஊர்பேர் தெரியாத ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, எப்படிச் சொல்வது என்று கூச்சம். வெளியே வந்து தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லாம் சொல்லியாகிவிட்டதா என்று டாக்டரம்மா கேட்டபோது தலையை ஆட்டினேனே, அந்தத் தலையை என்ன செய்யலாம்?

நான் சொன்னதை நீ அட்சரம் பிசகாமல் செய்தாய். விடியுமுன் எழுந்து, காலைப் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுக்கப் போகும் முன்னால் மாத்திரையைப் போட்டாய். செக்ரோல் வருகைப் பதிவில் பேர் இல்லாவிட்டால் தோட்டத்து லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள் என்று, வலிக்கிற கையோடு பாதி மரமாவது பால் வெட்டப் போனாய். காட்டில் பால் வெட்டும் பொம்பளைகள் யாராவது தண்ணீர் குடிப்பார்களா? நாலு பக்கமும் ஆம்பிளைகள் வெட்டுகிற மர வரிசை, நடுவில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிள். எங்கே போய் ஒதுங்குவது? மத்தியானம் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு வரும்வரைக்கும் அடக்கிக்கொண்டே இருந்து பழகிய உடம்பு அது. குடிக்கவேண்டிய தண்ணீரையெல்லாம் சாயங்காலம் செம்புசெம்பாகக் குடித்தாய். கக்கூஸ் லயத்துக் கோடியில் என்பதால் விடியும்வரை மறுபடியும் அடக்கினாய்.

ரப்பர் பால் வாசம் பட்டாலே வாந்தி வந்தது. வாய்ப்புண்ணுக்கு ஆறின கஞ்சி. முடி கொத்துக்கொத்தாகப் போனது. தலைத்துண்டு கட்டுகிற வேலை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. எதற்கும் நீ முனகியதில்லை. மாத்திரையைத் தவறவிட்டதும் இல்லை. இதையெல்லாம் தேவிக்கு யார் சொன்னார்கள்?

மாத்திரை தொடங்கியதும் உனக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. சில மாதம் கழித்து ரத்தத்தைப் பார்த்ததும் அதுதான் திரும்பிவிட்டது என்று நினைத்துவிட்டாய். உடம்பு தேறுகிறது என்று உனக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் மட்டும், "பழையபடி ஆயிட்டேன்க்கா" என்று சொன்னாயாம். உன் காரியம் முடிந்தபிறகு அவர் இதை என்னிடம் சொல்லி அழுதார். மூன்று வாரம் அந்த ரத்தத்தோடு மாத்திரையையும் விழுங்கியிருக்கிறாய்.

ரத்தம் கட்டி கட்டியாக அடைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் போகமுடியாமல் துடித்த அன்றைக்குத் தோட்டத்து லாரியில் கொண்டுவந்தார்கள். குழாய் வைத்துக் கழுவினார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, அடக்கக்கூடாது, ரத்தம் வந்தால் வரவேண்டும் என்று அத்தனை தரம் சொன்னேனே, ஏன் இப்படி என்றார்.

இங்கேதான் அக்கா நான் மனுஷனாக நடக்கவில்லை. "நான் சொன்னேன் டாக்டர். அவங்கதான் கேக்கல" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் உன்னைப் பார்த்துக் கடுகடுத்தார். வெளியே நின்ற மச்சானிடமும் அதையேதான் சொன்னேன். அவரிடமிருந்து அது லயத்துக்குப் போனது, லயத்திலிருந்து உன் பெண்ணுக்குப் போனது.

அந்த மாத்திரையை நிறுத்தவேண்டியதாகிவிட்டது. வேறு ஊசி போட்டார்கள், உன் உடம்பு தாங்கவில்லை. ஆறு மாதத்தில் நோய் முதுகெலும்புக்கு வந்தது. நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு கேட்டேன். அதை யாராலும் சொல்லமுடியாது என்றார் டாக்டரம்மா. பிழைத்திருப்பாள் என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால், அந்தத் திட்டை வாங்கிக்கொண்டாவது தூங்கியிருப்பேன்.

கடைசியில் உனக்குப் பேச்சு நின்றுபோவதற்கு முந்தின நாள், என் கையைப் பிடித்துக்கொண்டாய். "தம்பி, டாக்டரம்மா அன்னிக்கு அப்படிக் கோச்சுக்கிட்டாங்களே. நான் என்னடா தப்பு பண்ணேன்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ என்னைத் திட்டியிருக்கமாட்டாய், அதுதான் எனக்குப் பயமோ என்னவோ. "ஒண்ணும் இல்லக்கா, தூங்கு" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் யாராவது இந்த மாதிரி மருந்து சாப்பிட்டால், டாக்டர் சொன்னதை முழுசாகக் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்க்கிறவன் உங்கள் சொந்தத் தம்பியாக இருந்தாலும் நம்பாதீர்கள். தாதிமாரைக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேளுங்கள். ஒண்ணுக்குப் போவதில் வெட்கம் இல்லை.

அக்கா, இது ஞாயிற்றுக்கிழமை அச்சாகும். தேவி இதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. சனிக்கிழமை சாயங்காலமே போய், அவளையும் மச்சானையும் உட்காரவைத்து, என் வாயால் சொல்வேன். அதற்குப்பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாவிட்டாலும் சரி. அவள் அம்மா பிடிவாதக்காரி இல்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும். என்ன தப்பு பண்ணினேன் என்று நீ கேட்டாயே, அதற்குப் பதிலும் அன்றைக்கு அவர்கள் முன்னால்தான் சொல்வேன். தப்பு நான் பண்ணியது அக்கா. நீ சொன்ன பேச்சைக் கேட்டாய். நான் சொன்ன அளவுக்கு.

உன் தம்பி,
ஆறுமுகம்