அண்ணியின் ஜெபத்துக்கு என் தொண்டை

மார்ச் 3, திங்கள்

காலையில் ஒரு மாணவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். நான் போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்குத் தொண்டைதான் முதல். அந்தத் தொண்டை வீட்டில் ஒருத்தியிடம் மட்டும் செல்லாக்காசு. அண்ணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணமாகி வந்து இரண்டு மாதம். நானும் அவளும் இன்னும் சிரித்துச் சிரித்தே காலம் தள்ளுகிறோம்.

மார்ச் 9, ஞாயிறு

சபையில் போதகர், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். கண்ணையும் மூடிவிட்டால் அண்ணிக்கு என்ன மிச்சம்? அவள் போதகரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் மூப்பரின் மனைவி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்: "ஜெபத்துல கூட கண்ணை மூட மாட்டேங்குறா. கொஞ்சம் சொல்லிக் குடுப்பா."

மூடிய கண்ணுக்கு இது எப்படித் தெரிந்ததாம்? கேட்க நாக்கு துறுதுறுத்தது. அம்மா என் கையைக் கிள்ளினார்.

மற்றவர் உதட்டில் பாதிதான் அண்ணிக்குப் பிடிபடும்; அந்த உதட்டை மட்டும் முழுசாகப் படித்துவிட்டாள். வீட்டில் அவள் கை சொன்னதை அண்ணன் வாயால் சொன்னான்: "இனிமே நான் வரல. வீட்லயே ஜெபம் பண்ணிக்கிறேன்."

சே! என்ன ஜனங்க இவங்க? அண்ணனையும் குறை சொல்ல முடியாது. அவன் கீபோர்டு வாசிப்பவன், ஆராதனை முழுக்க இரண்டு கையும் அதில்தான். சும்மா இருக்கும் கை யாருடையது? என்னுடையதுதான்.

மார்ச் 10

அண்ணியிடம் சைகை மொழிப் பாடம் ஆரம்பம். கொசு அடிக்கிறேனா என்று அம்மா கேட்டார்.

மார்ச் 22, சனி

சமையலறையில், "ஆண்டவரே, எங்கள் பாவங்களை மன்னியும்" என்று கைகளால் சொன்னேன். அண்ணி ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். "எங்கள் பசியை மன்னியும்" என்றிருக்கிறேன். விரல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டதாம்.

அவள் சிரிப்புச் சத்தத்தை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஏப்ரல் 2

கை மட்டும் போதாதாம், முகமும் பேச வேண்டுமாம். அண்ணி சொல்கிறாள்: "நீ 'ஆண்டவர் நல்லவர்'னு சொல்றப்ப, யாரோ கிளட்ச்சை மிதிக்க மறந்துட்ட மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க."

வகுப்பில் நான் திட்டும் திட்டுக்கு இது குறைவுதான். ஆனாலும் உறைத்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு மாதமாகக் கெஞ்சியதில் இன்று வந்தாள். பாடகர் குழுவின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கையால் சொன்னேன். மூன்றாம் சரணத்தில் பாட்டு முன்னே ஓட, நான் நொண்டியடித்துப் பின்னால் போனேன். அண்ணி கண் எடுக்காமல் பார்த்தாள்.

வரும் வழியில் பாராட்டுவாள் என்று பார்த்தால், "நீ சொல்றதையே எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருக்கிறது? எனக்கும் சொல்றதுக்கு இருக்கு" என்றாள்.

அடிப் பாவி! சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறாள்.

மே 4, ஞாயிறு

அண்ணி ஒரு நாள் சபையில் ஜெபம் பண்ணலாமா என்று போதகரிடம் கேட்டேன். யோசித்தார். "அவங்க ஜெபிச்சா சபைக்கு எப்படிப் புரியும்?"

"நான் வாயால சொல்றேன் ஐயா."

"அப்ப நாங்க கண்ணை மூடிக்கிட்டா அவங்க கையை யாரு பாக்குறது..." என்று இழுத்தவர், தானே சிரித்தார். "ஒரு நாள் திறந்துக்கிட்டுதான் ஜெபிப்போமே!"

மே 11, ஞாயிறு

அண்ணி முன்னால் போய் நின்றாள். சபை முழுக்கக் கண் திறந்திருந்தது. அவள் கை பேசப் பேச நான் குரல் கொடுத்தேன். நோயாளிகளுக்காக, வேலை தேடுகிறவர்களுக்காக. மூப்பரின் மனைவியின் மூட்டுவலிக்காகவும் கேட்டாள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு என்னைப் பார்த்தாள். "ஆண்டவரே, என் நாத்தனாருக்காக நன்றி. அவ கை நிறைய தப்பு பண்ணும். ஆனா நான் இல்லாத மாதிரி அவ ஒருநாளும் நடந்துக்கிட்டதில்ல."

என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை பெரிய தொண்டை, அடைத்துக்கொண்டது. சபை காத்திருந்தது. கீபோர்டிலிருந்து எழுந்துவந்து அண்ணன்தான் அதைச் சொல்லி முடித்தான்.

மே 15, வியாழன்

அண்ணி என் நீலச் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டை. நான்கு கையும் பறந்ததில் தம்ளர் உருண்டது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "மெதுவா பேசுங்கடி!" என்றார்.