மடித்து வைத்த இரண்டாம் பக்கம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, குளியலறைக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது. நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உன் கவரைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: கட்டிலில் உன் அப்பா, நாற்காலியில் பெரியப்பா, தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டபடி உன் அத்தை, லிஃப்ட் ரிப்பேருக்குப் போய்விட்டுக் கிரீஸ் கையோடு வந்து நின்ற உன் அண்ணன், அடுப்படி வாசலில் நான். ஆக ஐந்து பேர். கவரின் மேல் அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது, அதையும் பார்த்துக்கொண்டேன்.

அப்பா சத்தமாகத்தான் படித்தார். கல்லூரியில் சாயங்காலம் நடன வகுப்பு ஆரம்பிக்கிறார்கள், வாரம் மூன்று நாள், எனக்குச் சேர ஆசை, இருபதாம் தேதிக்குள் வீட்டில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் திடீரென்று தொண்டையைச் செருமி ஒரு வரியைத் தாண்டினார். பின்னால் நின்று எட்டிப் பார்த்த உன் அண்ணன் சும்மா இருப்பானா, 'அம்மா சாமி, பக்தின்னு ஒத்துக்க மாட்டாங்க, நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்ப்பா' என்று அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சிரித்தான். நான்கு தலையும் என் பக்கம் திரும்பின, கரண்டியும் கையுமாக நான் குற்றவாளி மாதிரி நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா ஆரம்பித்துவிட்டார், 'நாலு பேர் பார்க்க மேடையில குதிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் அனுப்பி வச்சோம்' என்று. பஸ் டிப்போவில் ஓய்வு பெற்ற அன்றைக்கு மேசை மேல் ஏறி ஆடி அதன் காலை ஒடித்தவர் இந்த மனுஷர், அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறார். 'அந்த மேசைக்குக் கால் போட்டாச்சா' என்று மட்டும் கேட்டேன், டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்தார். உன் அத்தை ஊசியைத் துணியில் குத்திவிட்டு 'நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க கேட்டா என்ன அண்ணி சொல்றது' என்றாள், 'முதல்ல வரட்டும், வந்து கேட்கட்டும்' என்றேன். உன் அப்பா வழக்கம்போல 'அவ அம்மா என்ன சொல்றாளோ அதான்' என்றார். இருபத்து நான்கு வருடமாக, இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் என்னைத்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஏணி இரவல் கேட்டால்கூட 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்பார், நானும் ஊருக்கெல்லாம் பொல்லாதவளாகிவிட்டேன். அப்பாவிடம் இருந்து இதை மட்டும் நன்றாகக் கற்றிருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், ஆடக் கூடாது என்று நான் என்றைக்கு உன்னிடம் சொன்னேன்? என் சாமி வந்து உன்னிடம் சொன்னாரா? நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம், மிச்சத்தை உன் அண்ணனுடைய பாடப் புத்தகத்தை அவன் தூங்கும்போது எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன், ஆனால் எடுத்ததை முழுக்கப் படிப்பேன். உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து என் பிரார்த்தனைப் புத்தகத்தை முதலில் இருந்து கடைசி வரை பார்த்தேன். பொய் சொல்லாதே என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. ஆடாதே என்று ஓரிடத்திலும் இல்லை. நான் கும்பிடுவதைப் பதினெட்டு வருடமாகப் பார்த்தவள் நீ, கேட்டுப் பார்க்காமலே எனக்கும் சேர்த்து நீயே பதில் எழுதிக்கொண்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இது போதாதென்று மூன்றாம் நாள் காலையில் உன் அப்பா, நீ கவருக்குள் வைத்து அனுப்பிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பைண்டிங் பட்டறைக் கை அல்லவா, இரண்டாம் பக்கம் பின்னால் போகும்படி கத்தி மாதிரி மடித்து, கிளிப் மாட்டி, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'இந்த இடத்துல மட்டும் போட்டுடு' என்றார். அந்த மடிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளிப்பை எடுத்தேன், பிரித்தேன். இதற்கு முன் எலும்பு முறிவோ அறுவைச் சிகிச்சையோ உண்டா என்று கேட்டிருக்கிறார்கள், அதற்கு எதிரே உன் குண்டு குண்டான எழுத்தில் 'இல்லை'. அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்து 'இது என்ன' என்று கேட்டேன். 'அது பழைய கதை, சும்மா சம்பிரதாயத்துக்குக் கேக்கிறாங்க, எழுதினா சேர்க்க மாட்டாங்கன்னு பயப்படுறா' என்கிறார் உன் அப்பா. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறீர்கள்.

பழைய கதையா? பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து இடது கணுக்கால் இரண்டாக முறிந்தபோது உனக்கு ஒன்பது வயது. எலும்போடு வைத்து முடுக்கிய தகட்டைப் பிறகு எடுத்தார்கள், மூன்று திருகாணியில் ஒன்றை எடுக்க முடியாமல் உள்ளேயே விட்டார்கள், அது இன்றைக்கும் உன் காலில்தான் இருக்கிறது, வளர்ந்த பிறகு ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். நூற்று எண்பத்தேழு நாள் உன்னைக் கைபிடித்து நடக்க வைத்தேன். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் இருக்கிறது, முதல் நாள் நான்கு அடி, பத்தொன்பதாம் நாள் பதினொன்று, அடுப்படியில் இருந்து தெருக் கதவு வரை போன அன்றைக்கு அறுபத்திரண்டு. நடுவில் ஒரு நாளைக்கு மட்டும் அடிக்கணக்கு இல்லை. 'இன்று நடக்க மறுத்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடினாள். திட்டினேன்' என்று எழுதியிருக்கிறது. நேற்று அதைப் படித்துவிட்டு வெகு நேரம் நோட்டை மூடாமல் வைத்திருந்தேன். இத்தனையையும் ஒரே வார்த்தையில் இல்லை என்று எழுத உனக்கு எப்படி மனது வந்தது? நடனம் சொல்லிக்கொடுப்பவர் நல்ல கால் என்று நினைத்து உன்னைக் குதிக்கச் சொல்வார், நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு குதிப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை.

ஆகவே நான் செய்தது இது. 'இல்லை' என்பதை அடித்தேன். 'உண்டு' என்று எழுதினேன். அந்தக் கட்டம் போதவில்லை, நடந்ததைத் தனித்தாளில் ஒரு பக்கத்துக்கு எழுதி, 'ஒட்டிக் கொடுங்க' என்று உன் அப்பாவிடமே நீட்டினேன், பசையை எடுத்து ஒட்டினார், நேராகத்தான் ஒட்டியிருக்கிறார். சம்மதம் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பென்சில் குறியை அழித்துவிட்டு. இதோடு இணைத்திருக்கிறேன். அடித்துத் திருத்திய இடத்தில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீயும் போட வேண்டும். முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டிப் படம் எடு, அந்தப் படத்தோடு இதைக் கொண்டுபோய்க் கொடு. டாக்டர் பார்த்துவிட்டு ஆடலாம் என்றால் ஆடு, பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கால் சரியாக இருந்தும் வகுப்பில் சேர்க்க மாட்டேன் என்றார்களானால் அந்த ஆசிரியரின் விலாசத்தை எனக்கு அனுப்பு, அவருக்கும் ஒரு கடிதம் எழுதுகிறேன்.

ஆண்டவன் உன் இரண்டு காலையும் காக்கட்டும், நல்ல படிப்பும் நல்ல புத்தியும் தரட்டும். இருபதாம் தேதியை மறக்காதே. மாடிப்படி இறங்கும்போது இடது கால் வலிக்கிறதா? உள்ளதை உள்ளபடி எழுது, நீ நலம் என்பதை அதற்கப்புறம் நம்புகிறேன். கவரின் மேல் என் பெயரைப் போட்டு, சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உன் அம்மா