மருந்து ஒட்டாத கிருமி

லுணுகலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள தயானிக்கு,

அண்ணி எழுதுவது. குவைத்தில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பிள்ளைகள் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். நான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அடுத்த வீட்டுக் கருப்பம்மா அக்கா சோறு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார். இங்கே மழை விட்டபாடில்லை.

போனில் பேசினால் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வேலையெல்லாம் முடித்துத் தனியாக இருக்கும்போது படி.

உன் அண்ணனின் நிலைமையில் மாற்றமில்லை. தோட்டத்தில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது கல் உருண்டு உடைந்த கால்தானே, கம்பி வைத்துக் கட்டினால் கூடிவிடும் என்றுதான் நினைத்தோம். உள்ளே எலும்பில் கிருமி பிடித்துவிட்டது. காய்ச்சல் விடுவதும் வருவதுமாக இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. மற்ற நோயாளிகளுக்கும் தொற்றிவிடும் என்று தனி அறையில் வைத்திருக்கிறார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் கை கழுவி, மேலே ஒரு அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து தோட்டத்து ஆட்கள் யாரும் பார்க்க வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

மருந்தின் பெயரை அனுப்புங்கள், இங்கே எப்படியாவது வாங்கி அனுப்புகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். வாங்குவதற்கு மருந்து இல்லை, தயானி. வெள்ளிக்கிழமை ஷஹீலா டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். நம் ஆட்களோடு பொறுமையாகப் பேசுகிற பிள்ளை. மற்ற மருந்தெல்லாம் கேட்காமல்போய், கடைசியாகக் கொலிஸ்டின் என்ற ஊசி மருந்தைப் போட்டார்கள். அதற்கும் கிருமி அசையவில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"கிருமிக்கு மேல கொழுப்பால ஆன ஒரு தோல் இருக்கு அக்கா. இந்த மருந்து காந்தம் மாதிரி அதுல போய் ஒட்டி, தோலைக் கிழிச்சுத்தான் கிருமியைக் கொல்லும். இந்தக் கிருமி அந்தக் கொழுப்பையே கொஞ்சம் மாத்திக்கிட்டுது. இப்ப மருந்து போனாலும் ஒட்டுறதில்ல."

அப்படியானால் அளவைக் கூட்டிப் போடுங்கள் என்றேன். கூட்டினால் கிருமி சாகுமுன் சிறுநீரகம் போய்விடும் என்றார். இப்போது வேறு மருந்துகளைச் சேர்த்துப் போடுகிறார்களாம். அதெல்லாம் பரவாமல் கொஞ்சநாள் பிடித்துவைக்கத்தான். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டால் கிருமி குடியிருக்கும் இடமே போய்விடும், இரத்தத்தில் ஏறிவிட்டால் பிறகு காப்பாற்றுவது கஷ்டம் என்றார்.

உன் அண்ணன் முடியாது என்கிறார். "ஒத்தக் காலோட இந்த மலையில எனக்கு என்னா வேல இருக்கு? என்னைய முழுசாக் கொண்டுபோயி பொதைச்சிருங்க," என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். கோபப்பட்டேன். பேசாமலும் இருந்து பார்த்தேன். நேற்று பஸ்ஸில் நின்றபடியே தூங்கிவிட்டேன். பசறையில் யாரோ ஒரு அம்மா எழுப்பி, தன் இடத்தைக் கொடுத்தார்.

நீ சொன்னால் அவர் கேட்பார். மருந்து தேடுவதை விட்டுவிட்டு அவரோடு பேசு. அழாமல் பேசு.

உன் அண்ணி
ஜீவராணி


பதுளை,
சனிக்கிழமை

அன்புள்ள தயானிக்கு,

வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். ம், ம் என்று மட்டும் சொன்னார். போனை என்னிடம் திருப்பித் தரும்போது, "டாக்டர வரச்சொல்லு," என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவருடைய காலை எடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. இரத்தத்தில் கிருமி இல்லை என்று ஷஹீலா டாக்டரே வந்து சொன்னார். இன்னும் சில நாள் பார்க்க வேண்டுமாம். ஆனாலும் சொல்லும்போது சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசியே தெரிந்தது. கன்டீனுக்குப் போய்ப் பாண் வாங்கித் தின்றேன்.

இன்று உன் அண்ணன் அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். பிறகு, பாதம் அரிக்கிறது, கொஞ்சம் சொறிந்துவிடு என்றார். எந்தப் பாதம் என்று நான் கேட்கவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்துச் சொறிந்துவிட்டேன். "இப்ப பரவால்ல," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நீ லீவு கேட்டு அலைய வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. கனத்த சாமான்களைத் தனியாகத் தூக்காதே. ஒரு குறையும் இல்லாமல், கை கால் சுகத்தோடு நீ எங்களிடம் வந்து சேர வேண்டும்.

அன்புடன்
அண்ணி