முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். செல்லூரில் கரண்ட் கட். பக்கத்துத் தறிக்கூடம் ஓய்ந்திருந்ததால் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் குரல் பதிவு செய்ய முடிந்தது. யு.பி.எஸ். புண்ணியம்.

மதியம் முருகேசன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியில் அவன் தங்கச்சி செல்விக்கு வளைகாப்பு. அவள் இஷ்டப்பட்டுக் கல்யாணம் பண்ணியதிலிருந்து அவன் அப்பா அவளிடம் பேசவே இல்லை. பேசாமலே போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அம்மா மாட்டேன் என்கிறதாம். 'செத்த மனுசன் வேணாம்னாரு. நான் எப்படிப் போறது?'

அவன் போனில் அப்பா அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று.

'முருகேசா, செவலைய மேலூர்க்காரவுகளுக்குக் குடுத்துட்டேன்டா. வண்டியில ஏற மாட்டேன்னுருச்சு. திரும்பித் திரும்பிப் பாக்குது. நம்ம வீட்டுல வளந்த பிள்ள. போன எடத்துல நல்லா இருக்கட்டும். வரும்போது இருமல் மருந்து வாங்கிட்டு வா.'

குரல் உடைந்திருக்கிறது. பசுமாட்டுக்காக.

'முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் வெட்டிரு மாப்ள. பொய் ஒண்ணும் இல்ல. அப்பா சொன்னதுதானே.'

வெட்டினேன். 'பாக்குது' முடிந்ததும் ஒரு இடம். 'இருக்கட்டும்' முடிந்ததும் ஒரு இடம். 'பிள்ள'க்கும் 'போன'வுக்கும் நடுவில் மாடு கத்தியது. அந்தத் துண்டையும் எடுத்துவிட்டு ஒட்டினேன். அவர் மூச்சிழுப்பதை மட்டும் விட்டுவைத்தேன். நம்பும்படி இருக்கட்டும் என்று. 'நம்ம வீட்டுல வளந்த பிள்ள. போன எடத்துல நல்லா இருக்கட்டும்' மட்டும் மிஞ்சியது, செல்வியைச் சொன்ன மாதிரி.

டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. ஹெட்ஃபோன் ஒரு பக்கம் கேட்கவில்லை, மாற்ற வேண்டும். கோயில் அறிவிப்பு பாக்கி.

முருகேசன் போன். 'அம்மா கேட்டுச்சு மாப்ள. மறுபடி போடு, மறுபடி போடுங்குது. வாரேன்னுருச்சு.'

நல்லதுதானே.

நவம்பர் 9, ஞாயிறு

விளாங்குடி. மைக் செட் பொறுப்பு என்னுடையது. வெயில்.

முருகேசன் செய்து வைத்திருந்த வீடியோவில் அப்பா படம் வந்தது, பின்னாலேயே அந்தக் குரல். செல்வி வளையல் போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அம்மா எழுந்து போய்க் கட்டிக்கொண்டது. எனக்குப் பின்னால் யாரோ பெரியவர்: 'கல்லு மாதிரி இருந்த மனுசன். உள்ளுக்குள்ள இம்புட்டு வச்சிருந்திருக்காரு பாரு.'

ஸ்பீக்கர் வயரைக் குனிந்து சரிசெய்வதுபோல் இருந்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

பந்தியின்போது செல்வி வந்தாள். 'அண்ணே, அப்பா இத எப்பச் சொன்னாரு? முன்ன பின்ன என்ன பேசுனாரு? முழுசா எனக்குக் குடுங்கண்ணே. இருமல் இருந்தாலும் பரவால்ல.'

'தேடிப் பாக்குறேன்மா.'

நவம்பர் 11, செவ்வாய்

செல்வி போன் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுபடியும் பண்ணினாள். எடுக்கவில்லை.

முருகேசனிடம் சொன்னதற்கு அவன், 'அழிஞ்சு போச்சுன்னு சொல்லிரு மாப்ள. இப்பப் போயி ஏன் கிளறுற?'

அழியாது. அதுதான் இந்த சாஃப்ட்வேர். வெட்டியது மறைந்து நிற்கும், அவ்வளவுதான். கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மாடு திரும்ப வந்தது.

அந்த மாடு கத்துவதைத்தான் இத்தனை நாள் சத்தம் என்று நினைத்திருக்கிறேன். அவர் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 13, வியாழன்

ஆரப்பாளையம் பக்கம் டிராஃபிக். விளாங்குடி போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

மொட்டை மாடியில் செல்வி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முழுசையும் போட்டுக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டாள். முடிந்தும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

'மாட்டுக்கா?'

'தப்புத்தான் செல்வி. நான்தான் வெட்டினேன். மன்னிச்சிரும்மா.'

கொடியில் ஏற்கெனவே காய்ந்த துணியை எடுத்து மடித்தாள். 'மாட்டுக்குச் சொல்ல மனசு வந்திருக்கு.'

பிறகு, 'பிரசவம் பாத்துட்டுத்தான் போவேன்னு அம்மா இங்கயே தங்கிருச்சுண்ணே. இத அதுகிட்ட சொல்லிராதீங்க. நானும் சொல்ல மாட்டேன்.'

பாரத்தை இறக்கி வைக்கத்தான் போனேன். ஏழு மாசக்காரி தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கீழே அம்மா சாப்பிடாமல் விடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. இலையை எடுத்ததும் தன் போனை முந்தானையில் துடைத்து நீட்டியது.

'தம்பி, அவரு பேசுனத இதுல ஏத்திக் குடுங்க. முருகேசன் கையவே எதிர்பாத்துக்கிட்டிருக்க முடியல.'

செல்வி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

ஏற்றிக் கொடுத்தேன். வெட்டி ஒட்டியதை.