மர்ஜானின் மரியாதை

ஏப்ரல் 9, ஹெராத், ஆப்கானிஸ்தான்
என் மகள் மர்ஜான் கிளம்பிவிட்டாள். ஏழு வயது, இதயத்தில் ஓட்டை, எப்போது பார்த்தாலும் கறுப்பு மல்பெரி தின்றவள் போல நீல உதடு. தொண்டு நிறுவனத்தார் ஜெர்மனியில் ஹெல்கா என்று யாரோ ஒருத்தி வீட்டில் தங்கவைத்து, ஆபரேஷன் செய்து, திருப்பி அனுப்புவார்களாம். அனுப்புவார்கள்தானே?

அந்நிய வீட்டில் நம் பேர் கெடக்கூடாதென்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். சாப்பாடு கொடுத்தால் உடனே கை நீட்டாதே, இரண்டு தடவை வேண்டாமென்று சொல், மூன்றாம் தடவை வற்புறுத்துவார்கள், அப்போது வாங்கிக்கொள். ஒப்பித்துக் காட்டினாள். நாத்தனார் அமீனாகூட மெச்சினாள். அவள் மெச்சுவது ரமலான் பிறை மாதிரி, வருஷத்துக்கு ஒருமுறை.

ஏப்ரல் 12
போன் வரவில்லை.

ஏப்ரல் 20
வந்தது. பேசியவர் தாவூத், அங்கே மொழிபெயர்த்துச் சொல்கிற காபூல்காரர். மர்ஜான் சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம். எடை இறங்கிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் ஆபரேஷன் கிடையாது என்கிறாராம் டாக்டர். வீட்டு ஏக்கமென்று நினைத்து ஹெல்கா மனநல மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். கரடி பொம்மையும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"தம்பி, சாப்பாட்டை எத்தனை தடவை வச்சுக் கேக்கறாங்க?"

"ஒரு தடவைதான் அக்கா. இங்க வேணாம்னா வேணாம்தான். திரும்பக் கேட்டா மரியாதை இல்ல."

பிறகு அவருக்கே உறைத்தது. இங்க வந்து இருபது வருஷமாச்சு, நம்ம வழக்கம் எனக்கே மறந்துபோச்சு அக்கா, என்றார்.

என் பிள்ளை நிறைந்த மேசைக்கு முன்னால் மரியாதையாகப் பட்டினி கிடக்கிறாள்! ஊரே மெச்சிய வளர்ப்பு. வளர்த்தவள் நான்தான், பாவி.

ஏப்ரல் 21
மர்ஜானோடு பேசவிட்டார்கள். முதல் தடவையே வாங்கிச் சாப்பிடு என்றேன்.

"அசிங்கம் இல்லையாம்மா?"

"அசிங்கம்தான். சாப்பிடு. வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. மனசுல இருக்கறத அப்படியே சொல்லு."

ஏழு வருஷமாகச் சொல்லிக் கொடுத்ததை ஒரே போனில் கெடுத்துவிட்டேன். இனி இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டதற்கு என் கணவர், முதலில் உயிரோடு வரட்டும் என்றார்.

மே 16
ஆபரேஷன் முடிந்தது. ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் முன்னாலேயே, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

அமீனா அல்வா கொண்டுவந்தாள். முதல் தடவையே வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஜூலை 2
போனில் மர்ஜான் "ஹெல்கா அம்மா" என்கிறாள். ஹெல்கா அம்மா சைக்கிள் சொல்லிக் கொடுத்தாளாம். ஹெல்கா அம்மா பாட்டுப் பாடித் தூங்கவைக்கிறாளாம். எனக்குப் பொறாமை இல்லை. எழுதிவைத்தால் உண்மையாகிவிடும் என்று எழுதிவைக்கிறேன்.

பண்பாக நடந்துகொள்ள வேண்டாமா? எங்கள் வீடு உங்கள் வீடு, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று தாவூத் மூலம் சொல்லியனுப்பினேன்.

ஜூலை 9
ஹெல்கா டிக்கெட் வாங்கிவிட்டாள்.

மர்ஜானைத் தானே கூட்டிவந்து ஒரு வாரம் தங்குவாளாம். நீங்கதானே அக்கா கூப்பிட்டீங்க, என்கிறார் தாவூத். கூப்பிட்டேன்தான். எல்லோரும்தான் கூப்பிடுகிறோம். அதற்காக யாராவது வந்துவிடுவார்களா?

ஆகஸ்ட் 3
மர்ஜான் வந்துவிட்டாள். சிவந்த உதடு, உப்பிய கன்னம். என்னைப் பார்த்து ஓடிவருவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பொம்பளையின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ டீச்சரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். ஹெல்காதான் முதுகில் லேசாகத் தள்ளிவிட்டாள். என் மகளை எனக்குக் கொடுக்க அவள் யார்?

மர்ஜான் தூங்கப் போனதும் ஹெல்கா பக்கத்தில்தான்.

ஆகஸ்ட் 7
ஹெல்கா கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். பாத்திரம் தேய்க்கிறாள், என் கணவரின் நகைச்சுவைக்குப் புரியாமலே சிரிக்கிறாள்.

அமீனா காதில் ஓதிவிட்டுப் போனாள். "அவளுக்குப் பிள்ளை இல்லையாமே. கூட்டிட்டுப் போறேன்னு கேட்டா என்ன சொல்லுவே? நல்ல பள்ளிக்கூடம், நல்ல டாக்டரு. இங்க என்ன இருக்கு?"

இங்கே நான் இருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. அதுவும் ஒரு பதிலா?

ஆகஸ்ட் 10
வாசலில் கார் நின்றது. ஹெல்கா மண்டிபோட்டு உட்கார்ந்து, மர்ஜானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ கேட்டாள். மர்ஜான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள்.

"என்ன கேட்டாங்க?"

"கூட வந்துடறியான்னு. வேணாம்னேன்."

எனக்கு உயிர் வரவில்லை. முதல் வேண்டாம்தானே? அதை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்? இனிமேல்தான் கேட்பாள். கெஞ்சிக் கேட்பாள், அழுதுகொண்டு கேட்பாள், மூன்றாம் தடவை பிள்ளை தலையாட்டிவிடும். முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஹெல்கா எழுந்தாள். மர்ஜான் நெற்றியில் ஒரு முத்தம், என் கன்னத்தில் ஒன்று. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை அழுதுகொண்டே போனாள், ஆனால் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷி.